தொண்ணூற்றொன்பது டெனிம் துண்டுகள்

வைத்தியசாலையில் என் டெனிமைக் கழற்ற முடியவில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கி, துணிக்குள் இறுகிப் போயிருந்தது. தாதி ஒருவர் பெரிய கத்தரிக்கோல் ஒன்றைக் கொண்டுவந்து, கணுக்காலில் தொடங்கி இடுப்புப்பட்டி வரைக்கும் நேராக வெட்டிக்கொண்டு போனார். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கிடந்தேன்.

விழுந்த கதையைச் சொல்லவே வெட்கமாக இருக்கும். நான் லொறிச் சாரதி. சம்மாந்துறைப் பக்கத்து ஆலைகளில் அரிசி ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போய், அங்கிருந்து மரக்கறியோடு இறங்குவது இருபது வருசமாக என் வேலை. பண்டாரவளை, அப்புத்தளை வளைவுகளில் மூடுபனிக்குள்ளும் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவன், நின்றுகொண்டிருந்த லொறியிலிருந்து விழுந்தேன். மூட்டைகளுக்கு மேலே ஏறி நின்று, மழைக்கு மூடும் படங்கை விரித்துக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது கால் வழுக்கியது. மழை கொஞ்சம் தூறியிருந்தது. அவ்வளவுதான்.

கம்பி வைத்து, மாக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் அந்தக் காலை நிலத்தில் ஊன்றக் கூடாது, லொறியை ஆறு மாதத்துக்கு மறந்துவிட வேண்டும் என்று வைத்தியர் சொன்னார்.

கல்முனைக்குடியில் எங்கள் வீடு என் மனைவியின் வீடு. அவளுக்காக அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்தது. கலியாணம் முடித்து நான் ஒரு பயணப் பையோடு அங்கே வந்தேன். அதே வளவுக்குள் பக்கத்து வீட்டில் அவளுடைய தங்கையும் அவள் கணவனும், அதாவது என் சகலன், இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இப்படித்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் தொடர்ந்தாற்போல் மூன்று நாளுக்கு மேல் நான் அந்த வீட்டில் தங்கியதும் இல்லை. மனைவி ஆரம்பப் பள்ளிக்கூட ஆசிரியை. காலை ஏழு மணிக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் வருவாள். ஒரே மகள் பண்டாரவளைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள். வெறும் வீட்டில், ஒரு கதிரையில் நானும் இன்னொரு கதிரையில் என் காலுமாக இருந்தோம். அப்படி இருந்து ஒவ்வொரு பொருளாகப் பார்க்கும்போதுதான் ஒன்று மனதில் பட்டது. இந்த வீட்டில் நான் கையால் செய்த பொருள் என்று ஒன்றுகூட இல்லை.

ஒரு நாள் மனைவி, வைத்தியசாலையிலிருந்து கொண்டுவந்த பையை ஒதுக்கினாள். வெட்டப்பட்ட டெனிம் அதற்குள் கிடந்தது.

“இதக் குப்பை வண்டிக்குக் குடுப்பம்” என்றாள்.

“கொஞ்சம் தா பாப்பம்.”

மடியில் விரித்தேன். டெனிமின் வெட்டிய கால்பகுதி அப்படியே பாய் மாதிரித் திறந்துகொண்டது. காலில் கிடக்கும்போது அது களிசான். திறந்தால் நல்ல அகலமான, திடமான துணி. படங்கைத் தொட்டுப் பழகிய கைக்கு அது பிடித்துப்போயிற்று.

அன்று மாலை மகள் போன் பண்ணினாள்.

“வாப்பா, இஞ்ச குளிர் தாங்க ஏலா. ரெண்டு சொக்ஸ் போட்டுத்தான் படுக்கிறன்.”

“உம்மா தந்துவிட்ட போர்வை எங்க?”

“அது நம்மட ஊர்க் குளிருக்குத்தான் காணும் வாப்பா.”

மலைநாட்டுக் குளிர் எனக்குத் தெரியாததா? எத்தனை விடியற்காலை லொறிக்குள் நடுங்கியிருக்கிறேன். போனை வைத்ததும் மனைவியைக் கூப்பிட்டு, அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும் என் பழைய டெனிம்களையெல்லாம் எடுத்துத் தரச் சொன்னேன். ஐந்து இருந்தன.

“என்னத்துக்கு?”

“மகளுக்குப் போர்வை தைக்கப் போறன்.”

முதலில் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“ஒட்டுத் துணியப் போத்திக்கிட்டா என்ட புள்ள ஹொஸ்டல்ல படுக்கிற? பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பாங்க? தாய் டீச்சர், தகப்பன் லொறி ஓடுறாரு, ஒரு போர்வை வாங்கிக் குடுக்க ஏலாதா எண்டு கேக்க மாட்டாங்களா?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வாரமே கடையில் ஒரு போர்வை வாங்கி பஸ்ஸில் அனுப்பிவிட்டாள். நான் வெட்டத் தொடங்கியதை நிறுத்தவில்லை.

தையல் எனக்குப் புதிதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். படங்கு கிழிந்தால் லொறியின் நிழலில் குந்தியிருந்து தைப்பவன் நான்தான். ஆனால் படங்கில் ஒரு கிழிசலை மூடினால் போதும். போர்வை அப்படியில்லை. கலண்டர் மட்டையில் எட்டு அங்குலத்துக்கு எட்டு அங்குலம் சதுரமாக ஒன்று வெட்டி, அதைத் துணியில் வைத்துக் கோடு போட்டு, கிடைத்த பக்கமெல்லாம் திருப்பித் திருப்பி வெட்டினேன். நாற்பது துண்டு சேர்ந்ததும் மனைவிக்குச் சீதனமாக வந்து சும்மா கிடந்த தையல் மெஷினுக்கு முன்னால் போய் இருந்தேன். கால் மெஷின். மாக்கட்டுக் காலைப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் நீட்டி வைத்துவிட்டு வலது காலால் மிதித்தேன். அக்சிலேட்டரை மிதித்துப் பழகிய கால், நிதானம் தெரியாமல் மிதித்துவிட்டது. முதல் நாளே மூன்று ஊசி உடைந்தது. இரண்டாம் நாள் மெஷின் இறுகி நின்றுவிட்டது. தைத்த வரையில் எடுத்துப் பார்த்தேன். நேராக வரவேண்டிய வரிசை, காற்றில் முறுகிய படங்கு மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மனைவி மெஷினையும் என்னையும் பார்த்தாள்.

“கால் முறிஞ்ச காணாதெண்டு மெஷினையும் முறிச்சாச்சா?”

ஆனாலும் மெஷின் திருத்துகிறவருக்குப் போன் பண்ணியது அவள்தான். பாண்டிருப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் எங்கள் ஆட்களை அழைக்கும் வழக்கப்படி என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். பல வருசம் ஒரு தைத்த ஆடைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருந்தார். மெஷினைக் கழற்றி, சிக்கியிருந்த நூலையும் ஊசித் துண்டையும் எடுத்து, தளர்ந்திருந்த பெல்ட்டை இறுக்கினார். பிறகு என் துண்டுகளில் ஒன்றை எடுத்து இரண்டு எதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தார். சதுரம் பட்டம் மாதிரி நீண்டது.

“காக்கா, துணியில நூல் ஓடுற திசை ஒண்டு இருக்கு. அதுக்கு நேரா வெட்டணும். சரிச்சு வெட்டினா இழுபடும். நீங்க எவ்வளவு நேராத் தைச்சாலும் அது கோணித்தான் நிக்கும்.”

“சில்லு நேரா இல்லாட்டி லொறி ஒரு பக்கம் இழுக்கிற மாதிரியா அண்ணே?”

“ஓம், அதேதான்” என்று சிரித்தார்.

ஊசியும் பிழை என்றார். மெல்லிய துணிக்குப் போடும் ஊசியை டெனிமுக்குப் போட்டிருக்கிறேன். பதினெட்டாம் நம்பர் ஊசி இரண்டைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். தையலும் தையலும் சந்திக்கிற தடித்த இடத்தைச் சுத்தியலால் தட்டிப் படிய வைத்துவிட்டு மிதிக்கச் சொன்னார். போகும்போது வாசலில் நின்று, “ஆம்பிளயள் தைக்கிறது புதுமையே? நான் வேலை செய்த இடத்தில டெனிம் லைன்ல நிண்டது பாதி ஆம்பிளயள்தான்” என்றார். நான் ஒன்றும் கேட்காமலே அதைச் சொன்னார். அந்த வார்த்தை அப்போது எனக்குத் தேவையாக இருந்தது.

ஏனென்றால் என் சகலன் தொடங்கிவிட்டிருந்தான். அலுவலகம் ஒன்றில் வேலை. நல்ல மனுசன், நாக்குத்தான் கொஞ்சம் நீளம். மாலையில் என்னைப் பார்க்க வந்தால், “காக்கா, டெய்லர் கடை எப்ப திறக்கிற? எனக்கொரு சாரன் மூட்டணும்” என்பான். அது வளவுக்குள் இருந்திருந்தால் பரவாயில்லை. தேநீர்க் கடையிலும் சொல்லிவிட்டான். கூட லொறி ஓடுகிறவர்கள் போனில் கூப்பிட்டு, “சட்டை தைக்க அளவெடுக்க எப்ப வாற?” என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு வாசல் கேற் திறக்கும் சத்தம் கேட்டால் மெஷினின் மேல் ஒரு துணியை இழுத்துப் போட்டுவிடுவேன்.

பழைய நாற்பது துண்டில் தேறியது ஆறுதான். துணி போதவில்லை. மருதமுனையில் இருக்கும் என் தங்கச்சிக்குச் சொன்னேன். அவளுக்கு வளர்ந்துகொண்டே போகும் மூன்று ஆண்பிள்ளைகள். கட்டையாகிப்போன டெனிம்களை ஒரு பை நிறையக் கட்டி அனுப்பினாள். அடிப்பக்கத்துக்கு வையுங்கள் என்று சொல்லி, அவர்கள் ஊர்க் கைத்தறியில் நெய்த கருஞ்சிவப்புத் துணியும் நல்ல தடித்த பருத்தி நூலும் சேர்த்து வைத்திருந்தாள்.

இந்த முறை நூல் ஓடும் திசையைப் பார்த்துப் பார்த்து வெட்டினேன். என்னுடைய டெனிம்களை வெட்டும்போது ஒரு விசயத்தைக் கண்டேன். ஐந்திலும் இடது தொடையைவிட வலது தொடை நன்றாக வெளுத்திருந்தது. கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சாரதியின் ஆசனம் வலது பக்கம். கண்ணாடிக்குள்ளால் வருகிற வெயில் விழுவது வலது தொடையில். அத்தனை வருசத்து ஓட்டமும் துணியில் நின்றது. பின்பக்கப் பையைப் பிரித்தெடுத்த இடத்தில் துணி கடையில் வாங்கிய நாளைப் போலக் கடும் நீலமாக இருந்தது. அந்த இரண்டு விதத் துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எல்லாமே ஒரே நீலமில்லை என்பது தெரிந்தது.

ஒன்பது துண்டு அகலம், பதினொரு துண்டு நீளம். மொத்தம் தொண்ணூற்றொன்பது. வெட்டி முடித்த அன்று பின்னேரம் மண்டபத்தில் பாயை விரித்து அவற்றைப் பரப்ப வேண்டியிருந்தது. எனக்குக் குனிய முடியாது. மனைவியைக் கேட்டேன். பள்ளிக்கூடத்தால் வந்த களைப்போடு, முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் பாயில் இருந்தாள். நான் கதிரையிலிருந்து ஊன்றுகோலால் காட்டினேன்.

“அத இஞ்ச வை. இல்ல, அந்த வெளுத்தத மேல.”

“ஏன், ஒண்டு விட்டு ஒண்டு வெப்பமே? கறுப்பு, வெள்ள, கறுப்பு, வெள்ள. டாம் மட்ட மாதிரி வடிவா இரிக்கும்.”

“வேணா. கால்மாட்டுல கடும் நீலம். தலைமாட்டுக்குப் போகப் போக வெளுக்கணும்.”

“ஒங்களுக்கு என்ன தெரியும்? நான் புள்ளகளுக்கு இதத்தானே படிப்பிக்கிற.”

ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தோம். இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்தாள். கடைசியில் நான் சொன்ன விதத்தில் முழுதும் பரப்பிவிட்டு எழுந்து, சுவரோரம் போய் நின்று பார்த்தாள். தலைமாட்டு ஓரத்தில் இரண்டு துண்டை மாற்றினாள். மறுபடி போய் நின்று பார்த்தாள்.

“விடிஞ்சு வாற மாதிரி இரிக்கி” என்றாள்.

பிறகு, நான் கேட்காமலே, ஒவ்வொரு துண்டிலும் வெள்ளைச் சோக்கால் ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை இலக்கம் எழுதி, வரிசை வரிசையாக அடுக்கிக் கட்டித் தந்தாள். அன்றிலிருந்து ஒட்டுத் துணி என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

வரிசைகளைத் தைத்து முடிக்க மூன்று வாரம் போனது. வரிசையையும் வரிசையையும் பொருத்தும்போதுதான் கஷ்டம். நான்கு மூலையும் ஒரே புள்ளியில் வந்து நிற்க வேண்டும். நில்லாவிட்டால் பிளேட்டால் பிரித்து மறுபடி தைத்தேன். நான்காம் வரிசையை ஐந்து தரம் பிரித்தேன். சுத்தியல் சத்தம் கேட்டு, மனைவியின் தங்கை, என் மச்சி, மதிலுக்கு மேலால், “ராத்தா வீட்டுல என்ன, கதவு செய்றாங்களா?” என்று கேட்டாள்.

மேல் துணி முடிந்ததும் நடுவில் பழைய கட்டில் விரிப்பு ஒன்றையும் அடியில் மருதமுனைத் துணியையும் வைத்தேன். மூன்றையும் ஒன்றாக மெஷினில் பிடிக்க முடியாது. அப்போது என் சொந்த வேலை கைக்கு வந்தது. சாக்குத் தைக்கும் ஊசியில் பருத்தி நூலைக் கோத்து, நான்கு மூலை சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் மூன்று துணியையும் ஊடுருவிக் குத்தியெடுத்து, அடிப்பக்கம் முடிச்சுப் போட்டேன். கயிறு கட்டுகிறவனுக்கு முடிச்சு பிழைக்காது. எண்பது முடிச்சு. ஒன்றைக்கூட இரண்டாம் தரம் போடவில்லை. கரையை மடித்து நானே கையால் தைத்து முடித்தபோது அதைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல பாரம். மடியில் போட்டால் உடம்பில் அப்படியே படிந்து கிடந்தது.

சந்தோசப்பட்ட அதே நேரத்தில் பயமும் வந்தது. என்னைச் சுகம் விசாரிக்க மனைவியோடு படிப்பிக்கும் ஆசிரியைகள் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாக இருந்தது. தேநீர்க் கடைப் பகிடி போதாதென்று, இனிப் பள்ளிக்கூடத்திலும் கதைப்பார்கள். மனைவியைக் கூப்பிட்டேன்.

“இஞ்ச பாரு புள்ள. ஆரும் கண்டு கேட்டா நீதான் தச்ச எண்டு சொல்லு.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் குசினிக்குப் போய்விட்டாள். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆனாலும் போர்வையை மடித்து உள் அறைக் கட்டிலில் வைத்துவிட்டேன்.

ஆறு பேர் வந்தார்கள். காலைப் பற்றிக் கேட்டார்கள், துஆ செய்தார்கள், தேநீர் குடித்தார்கள். போகப் போகிறார்கள் என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் மனைவி எழுந்து உள்ளே போனாள். இரண்டு கையாலும் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் முன்னால் நீளக் கதிரையில் விரித்தாள்.

“யா அல்லாஹ், என்ன வடிவு! எங்க டீச்சர் வாங்கின?”

“கொழும்பிலயா?”

அவர்களில் மூத்தவர் மனையியல் படிப்பிப்பவர். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போர்வையின் ஒரு மூலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். முடிச்சு ஒன்றை நகத்தால் நெருடிப் பார்த்தார். பிறகு மேல்பக்கத்தில், நான்கு மூலைகள் சேரும் இடங்களில் விரலை வைத்துக்கொண்டே ஒரு வரிசை முழுதும் போனார். எனக்கு வைத்தியர் எக்ஸ்ரே பார்த்த நேரத்தைவிடப் பதற்றமாக இருந்தது.

“ஆரு தச்ச?” என்று கேட்டார்.

“இவர்தான்” என்றாள் என் மனைவி. கையால் என்னைக் காட்டினாள். “வெட்டின, மெஷின் மிதிச்ச, முடிச்சுப் போட்ட எல்லாம் இவர்தான். எனக்கு ஒரு பொத்தான ஒழுங்காத் தைக்க ஏலா, ஒங்களுக்குத் தெரியுந்தானே. நான் இலக்கம் மட்டும் எழுதிக் குடுத்தன்.”

யாரும் சிரிக்கவில்லை. ஆறு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“மாஷா அல்லாஹ்” என்றார் அந்த மூத்த ஆசிரியை. “ஒரு மூலையாவது விலகல்ல. எங்கட புள்ளகளுக்கு இந்த மூலைய ஒழுங்காப் புடிக்கக் காட்ட நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். இத நாலஞ்சு நாளைக்குப் பள்ளிக்குத் தாங்க. வகுப்புல தொங்க விட்டுட்டுத் தாறன்.”

நான் தலையை ஆட்டினேன். காது சூடாகிவிட்டது. இருபது வருசமாகப் பொருள் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். அதற்கு யாரும் கண்ணாடி போட்டுப் பார்த்து நல்லது என்று சொன்னதில்லை. எதிர்பார்த்ததும் இல்லை.

அவர்கள் போன பிறகு மனைவியைக் கேட்டேன்.

“நான் என்ன சொன்னன், நீ என்ன செஞ்ச?”

“பொய் சொல்லச் சொன்ன நீங்க. நான் ஓம் எண்டு சொன்னேனா?” கோப்பைகளை அடுக்கியபடியே சொன்னாள். “இப்பிடி ஒரு வேலய மறைச்சு வெச்சா அல்லாஹ்வும் கேப்பான்.”

அடுத்த வாரம் சகலன் வந்தான். கையில் ஒரு பை. கொஞ்ச நேரம் காலைப் பற்றி, மழையைப் பற்றியெல்லாம் கதைத்தான். நான் பையைப் பார்ப்பதைக் கண்டதும் தொண்டையைச் செருமினான்.

“காக்கா, வீட்டுல நாலு பழைய டெனிம் கெடந்த. சும்மாதான் கெடக்கு.”

“டெய்லர் கடை இன்னும் திறக்கல்ல தம்பி.”

“சரி சரி, உடுங்க காக்கா. ஒங்கட மச்சி நாலு நாளா என்னய இரிக்க உடுறால்ல.”

இருவரும் நன்றாகச் சிரித்தோம். பையை வாங்கி வைத்துக்கொண்டேன். அவனுக்கும் தைத்துக் கொடுத்தேன், நீலத்துக்குள் நாலு இடத்தில் டெனிமின் பையையும் அப்படியே வைத்து. போன் வைக்கலாம், ரிமோட் வைக்கலாம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவனே காட்டிக்கொண்டிருந்தான்.

ஏழாவது மாதம் வைத்தியர் சரி என்றார். பிஸ்மி சொல்லி லொறியில் ஏறினேன். முதல் ஓட்டம் பண்டாரவளைக்கு வாய்த்தது. அரிசி மூட்டைகள் பின்னால். போர்வை எனக்குப் பக்கத்து ஆசனத்தில், மனைவி துவைத்து மடித்துக் கட்டித் தந்தபடி. அதைத் துவைக்க அவள் ஒருத்தியால் முடியாமல் மச்சியும் ஒரு பக்கம் பிடித்துப் பிழிந்தாள். காய இரண்டு நாள் மதிலில் கிடந்தது.

அரிசியை இறக்கிவிட்டு, மகளின் கல்லூரிக்குக் கீழே வீதியோரத்தில் நிறுத்தினேன். பின்னேரம் நாலு மணிக்கே பனி இறங்கத் தொடங்கிவிட்டது. மகள் இரண்டு கூட்டாளிகளோடு படிகளில் இறங்கி வந்தாள். முதலில் என் காலைத்தான் பார்த்தாள். நடந்து காட்டச் சொன்னாள். வீதியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து காட்டினேன். பிறகுதான் போர்வைக் கட்டை அவிழ்த்தோம்.

போனில் படம் பார்த்திருக்கிறாள். ஆனாலும் லொறியின் முன்பக்கத்தில் விரித்ததும் அவள் கிட்ட வந்தாள். கையால் தடவிக்கொண்டே இருந்தாள். கூட வந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று, “அங்கிள், உண்மையாவே இது நீங்கள் தைச்சதோ?” என்று கேட்டது.

“ஓம்” என்றேன். “தொண்ணூற்றொன்பது துண்டு. நாந்தான் தச்சன்.”

வீதியில் போன ஒரு முச்சக்கரவண்டிக்காரர்கூடத் திரும்பிப் பார்க்கும்படி கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. மகள் சிரித்தாள்.

“வாப்பா, இது எனக்கு மட்டுமில்ல, மூணு பேருக்குக் காணும்” என்றாள்.

பாரமாக இருந்ததால் மூன்று பேரும் சேர்ந்துதான் தூக்கினார்கள். மகள் நடுவில், மற்ற இருவரும் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துப் படியேறிப் போனார்கள். வாசலில் நின்ற வேறு பிள்ளைகள் அவர்களைச் சுற்றிக் கூடினார்கள். யாரோ கேட்பதும், என் மகள் கீழே என்னைக் காட்டிப் பதில் சொல்வதும் தெரிந்தது. மரக்கறிக் கடைக்காரர் இரண்டு தரம் போன் பண்ணிவிட்டார். நான் எடுக்கவில்லை. கடைசிப் பிள்ளையும் உள்ளே போகும் வரைக்கும் வீதியிலேயே நின்றேன்.